பச்சை கேட்டு

செய்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் போக்குவரத்துப் பிரிவில் வேலை பார்த்தபோது, எங்கள் வேன்களில் வந்துபோன பெண்களின் வீடுகளை, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய ஓர் இணைய வரைபடத்தில் வைத்தேன். அவர்களில் ஒருவர் தன் வீட்டைச் சொல்லாமல் வேறோர் இடத்தைத்தான் அனுப்பியிருந்தார். அதைத் தவறு என்று நினைத்து, விசாரித்து, அவர் வீட்டைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். அந்தத் திருத்தத்தால் அவருக்கு வேலையும் போனது, குடியிருந்த அறையும் போனது. காரணம் நான்தான் என்று தெரிந்த பிறகும் பல மாதம் வாய் திறக்கவில்லை.

அது 2019. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய தொழிற்பேட்டை எங்களுடையது. மூன்று ஷிப்ட். பொன்னேரி, கவரைப்பேட்டை, மாதர்பாக்கம், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் என்று நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். திருவள்ளூரிலிருந்து வருகிறவர்களும் உண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் தடா, சத்தியவேட்டிலிருந்து வருகிறவர்களும் உண்டு. சொந்த ஊர் தூரமாக இருப்பவர்கள் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் லைன் வீடுகளில் வாடகைக்கு இருப்பார்கள். வேன்கள் எல்லாம் கான்ட்ராக்ட் வண்டிகள். காலையில் எங்களுக்கு ஓடும், மதியம் வேறொரு கம்பெனிக்கு ஓடும்.

பெண்கள் இரவு ஷிப்ட் பார்ப்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மாலை ஏழு மணிக்குப் பிறகும் காலை ஆறு மணிக்கு முன்பும் பெண்களை ஆலையில் வேலை வாங்கக் கூடாது என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நீக்கும்போது சில நிபந்தனைகளையும் விதித்தது. வீட்டிலிருந்து அழைத்து வந்து மறுபடி வீட்டில் கொண்டுபோய் விடும் வாகன வசதி அவற்றில் ஒன்று. என் வேலைக்கு அடிப்படையே அந்த நிபந்தனைதான். அந்தப் பெண்கள் பத்திரமாகப் போய்வர வேண்டும் என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அதுவரை எங்களிடம் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம். 'ரைஸ் மில்', 'புளியமரம்', 'ரேஷன் கடை', 'கோயில் வளைவு' என்று நிறுத்தங்கள் எழுதியிருக்கும். பழைய டிரைவர்களுக்கு அது போதும். புது டிரைவர் வந்தால் எந்தப் புளியமரம் என்று ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் வரும். இரண்டு முறை பெண்கள் தவறான இடத்தில் இறங்கி இருட்டில் நடந்து போயிருக்கிறார்கள். அதைச் சரிசெய்ய வேண்டும் என்றுதான் வரைபட வேலையைத் தொடங்கினேன். இதை எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. நல்ல காரணம் கையில் இருந்ததால்தான் வேறெதையும் யோசிக்காமல் போனேன்.

கூகுள் வரைபடத்தை நம் இணையப் பக்கத்தில் பதிக்க 2018இலிருந்து கட்டணக் கணக்கும் கார்டும் கேட்டார்கள். என்னிடம் கிரெடிட் கார்டு கிடையாது. தேடிப் பார்த்ததில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் கிடைத்தது. 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கி, உலகெங்கும் தன்னார்வலர்கள் தெருத் தெருவாக வரைந்து சேர்த்த வரைபடம். அதை இணையப் பக்கத்தில் காட்ட லீஃப்லெட் என்ற சிறு நிரல் தொகுப்பு. உக்ரைனைச் சேர்ந்த விளாதிமிர் அகபோன்கின் 2011இல் எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. இரவு சாப்பாடு முடிந்ததும் யூடியூப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அந்த இரண்டு மாதம் என் வாழ்க்கையில் மிகவும் சந்தோஷமான காலம். இப்போதும் அதை மறுக்க முடியவில்லை.

ஆரம்பத்தில் எல்லாமே தப்பாகத்தான் வந்தது. ஊழியர் பதிவேட்டில் இருந்த முகவரிகளை, ஆயத்தொலைவாக மாற்றித் தரும் ஒரு சேவைக்குள் கொடுத்தேன். எங்கள் பக்கத்து முகவரி எப்படி இருக்கும்? 'கங்கையம்மன் கோயில் பின்புறம், லைன் வீடு, நாலாவது ரூம்'. கணினிக்கு அதில் எதுவும் விளங்கவில்லை. விளங்கிய ஒரே விஷயமான 601201 என்ற அஞ்சல் குறியீட்டை வைத்து, முப்பதுக்கும் மேற்பட்டவர்களை ஒரே இடத்தில் ஒருவர்மேல் ஒருவராகக் குவித்துவிட்டது. அடுத்து, கையால் எழுதிய எண்கள். கூகுளில் இடத்தைத் தொட்டால் அட்சரேகை முதலில் வரும், தீர்க்கரேகை பின்னால் வரும். இடங்களை எழுதிவைக்கும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வர வேண்டும். அது தெரியாமல் வந்தபடியே எழுதியதால், 13.4, 80.1 என்று இருக்க வேண்டிய கும்மிடிப்பூண்டி தலைகீழாகி, நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளைத் தாண்டி வடதுருவக் கடலில் போய் விழுந்தது. காலியாக விட்ட கட்டங்களைக் கணினி பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, சிலரை ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் இறக்கியது.

இந்தப் பிழைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தேன். பிடிக்கப் பிடிக்கத் துல்லியத்தின்மேல் ஒரு வெறி வந்தது. தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் என்றால் சுமார் நூறு மீட்டருக்குள், நான்கு என்றால் பத்து மீட்டர் சுமாருக்கு, ஆறு என்றால் ஒரு சாண் அளவுக்குள் இடம் குறிக்கலாம் என்று படித்தேன். வேன் நிறுத்தத்துக்கு மூன்று இலக்கம் தாராளம். நான் ஆறு இலக்கம் வைத்தேன். திறந்த வெளியிலேயே கைபேசியின் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் முன்னே பின்னே காட்டும், தகரக் கூரைகளுக்கு நடுவே அதைவிட மோசம். அது தெரிந்தும் ஆறு இலக்கம் வைத்தேன். 1802இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் நூறடி எஃகுச் சங்கிலியைப் பிடித்து ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் அடிக்கோட்டை அளந்துதான் இந்த நாட்டின் பெரும் நில அளவை தொடங்கியது என்று படித்தபோது, நானும் அந்த வரிசையில் வந்தவன் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அளந்தது நிலம், என் கையில் இருந்தது ஆட்களின் வீட்டு வாசல். அந்த வித்தியாசம் அன்று உறைக்கவில்லை.

முகவரி உதவாது என்று தெரிந்ததும் வாட்ஸ்அப்பில் எல்லோரையும் கேட்டேன். 'வீட்டில் இருக்கும்போது லொகேஷன் அனுப்பவும், போக்குவரத்துப் பிரிவு.' ஏன், எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. கம்பெனி கேட்டால் தொழிலாளி கொடுப்பார். அதுவும் கான்ட்ராக்ட் தொழிலாளி உடனே கொடுப்பார். ஒரு வாரத்தில் நூற்று நாற்பது பேருடைய இடங்கள் வந்துவிட்டன. கேட்டதும் கொடுத்தார்கள் என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

செயற்கைக்கோள் படத்தின்மேல் புள்ளிகளை வைத்துப் பார்த்தேன். எல்லாப் புள்ளியும் ஏதோ ஒரு கூரைமேல் விழுந்தது. ஒன்று மட்டும் ஓர் அம்மன் கோயிலுக்கு முன்னாலிருந்த திடலில் விழுந்தது. ஊர்ப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இரவு ஷிப்ட் பார்க்கும் பெண். கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏம்மா, உன் லொகேஷன் கோயில்ல விழுதே?"

"கோயில் கிட்டயே ஏறிக்கறேன் சார். அது போதும்."

"இல்லம்மா, நைட் ஷிப்ட்னா வீட்டு வாசல்லயே இறக்கணும். ரூல் அது."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். சரியான இடத்தை அனுப்பவில்லை. அனுப்ப மாட்டார் என்று அந்த மௌனமே சொல்லியிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் அந்த வழித்தட டிரைவரைக் கேட்டேன். வயதானவர், பத்து வருடமாக அந்த ரூட்டில் ஓடுகிறவர்.

"கோயில்ல இருந்து ரெண்டாவது சந்து சார். பச்சை கேட்டு. அந்தப் பொண்ணு உள்ள போற வரைக்கும் லைட்டப் போட்டுட்டு நிப்பேன். நம்ம வண்டி ஆளுன்னு ஒரு இது."

அவருக்கு அந்த வீடு தெரியும். தெரிந்ததைத் தன்னோடு வைத்திருந்தார். நான் கேட்டதால், மேலதிகாரி கேட்கிறாரே என்று சொன்னார். நான் செயற்கைக்கோள் படத்தில் இரண்டாவது சந்தைத் தேடி, அந்தக் கூரைமேல் புள்ளியை இழுத்து வைத்தேன். என் அட்டவணையில் அவர் பெயருக்கு நேரே 'சந்தேகம்' என்று இருந்ததை அழித்துவிட்டு 'சரி' என்று எழுதினேன்.

வரைபடம் அழகாக வந்தது. ஷிப்ட் வாரியாக மூன்று நிறம். புள்ளியைத் தொட்டால் பெயர், கைபேசி எண், ஏறும் நேரம், இறங்கும் நேரம். இலவசமாக இணைய இடம் தரும் ஒரு தளத்தில் ஏற்றினேன். கடவுச்சொல் வைக்கவில்லை. வைத்தால் டிரைவர்களுக்குச் சிரமம் என்று நினைத்தேன். இணைப்பை டிரைவர்கள் குழுவில் போட்டேன். அலுவலகக் கூட்டத்தில் பெரிய திரையில் காட்டினேன். கை தட்டினார்கள்.

கார்த்திகை மாதத்தில் அந்தப் பெண் மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை. நான்காம் நாள் டீ நேரத்தில், பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அக்கா என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், அது இனிமே வராது. அவ வீட்டுக்காரன் வந்துட்டான்."

குடித்துவிட்டு அடிக்கிறார் என்று கணவரை விட்டுப் பிரிந்து, யாருக்கும் இடம் சொல்லாமல் இங்கே வந்து தங்கியிருந்தவர் அவர் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கணவர் லாரி டிரைவர். எங்கள் டிரைவர்கள் குழுவில் போட்ட இணைப்பு, வண்டி முதலாளியின் குழுவுக்குப் போய், அங்கிருந்து ஸ்டாண்டுக் குழுவுக்குப் போய், கை மாறிக் கை மாறி அவரிடம் போயிருக்கிறது. காலை ஆறே முக்காலுக்கு வேனை விட்டு இறங்கியவரைப் பச்சை கேட்டுக்கு முன்னால் நின்று மறித்திருக்கிறார். தெருவே கூடியிருக்கிறது. போனைப் பிடுங்கி உடைத்திருக்கிறார். அக்கம்பக்கத்தார் விலக்கி அனுப்பியிருக்கிறார்கள். அன்று சாயங்காலமே வீட்டு உரிமையாளர் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

"அவ அனுப்பின லொகேஷன் தப்பு இல்ல சார்," என்றார் அக்கா. "வேணும்னேதான் கோயில்ல வச்சா. உங்க படத்துல மாத்தி இருந்துச்சாமே?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. "நான் டிரைவருங்களுக்கு மட்டும்தான்க்கா அனுப்பினேன். அவங்க பார்வர்ட் பண்ணினதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" அக்கா ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

அன்று மாலையே புள்ளியைத் தொட்டால் பெயர் வருவதை நிறுத்தினேன். அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று இரண்டு வாரம் நம்பினேன். உண்மையில், வரைபடம் படிக்கும் ஜியோஜேசன் கோப்பு அதே தளத்தில் அப்படியே இருந்தது. பெயர், எண், நேரம் எல்லாம் அதற்குள் இருந்தன. பக்கத்தின் மூல நிரலைத் திறக்கத் தெரிந்த எவரும் அதை இறக்கிக்கொள்ளலாம். திரையில் மறைத்ததற்கும் கோப்பிலிருந்து எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக்கூட அறியாமல் நூற்று நாற்பது பேரின் வீடுகளைக் கையில் வைத்திருந்தேன். கோப்பை அழித்த பிறகும், பழைய பதிப்புகள் அந்தத் தளத்தின் சேமிப்பில் கிடந்தன. முழுக் கணக்கையும் நீக்க எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது.

அந்த இடைவெளியில் மனிதவளப் பிரிவிலிருந்து கேட்டார்கள். வேலையை விட்டவருக்குப் போக்குவரத்து தொடர்பாக ஏதாவது புகார் உண்டா? நான் "இல்லை" என்றேன். அவர்கள் பதிவேட்டில் 'சொந்தக் காரணம்' என்று எழுதி மூடினார்கள். நான் அறியாமல் செய்தவை பல. இந்த "இல்லை" அறிந்தே சொன்னது. வேலை போய்விடும் என்ற பயம், கை தட்டல் பொய்யாகிவிடும் என்ற பயம். இரண்டில் எது பெரிது என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஆலை மூடியது. வீட்டில் உட்கார்ந்து செய்தி படித்துக்கொண்டிருந்தபோது, கர்நாடக அரசு தனிமைப்படுத்தப்பட்டவர்களின் வீட்டு முகவரிகளை இணையத்தில் வெளியிட்டது என்ற செய்தி கண்ணில் பட்டது. படித்ததும் கோபம் வந்தது. என்ன அக்கிரமம், அந்த வீடுகளில் கல்லெறிந்தால் யார் பொறுப்பு என்று மனைவியிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே குரல் உள்ளே போய்விட்டது. அன்று இரவுதான் முதல் முறையாக அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அதன்பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டியவை. 2013இல் பதினைந்து லட்சம் பேரின் கைபேசித் தரவை ஆராய்ந்தவர்கள், ஓர் ஆள் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதற்கு நான்கு புள்ளிகள் கிடைத்தாலே நூற்றில் தொண்ணூற்றைந்து பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று காட்டியிருந்தார்கள். பெயரே தேவையில்லை. எங்கள் வரைபடத்தில் வீடு, ஆலை, ஏறும் நேரம், இறங்கும் நேரம் எல்லாமே இருந்தன, பெயரும் இருந்தது. 2018 ஜனவரியில், ஓடிப் பயிற்சி செய்பவர்களின் தடங்களைச் சேர்த்து ஸ்ட்ராவா நிறுவனம் வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் வடிவம் தெரிந்துவிட்டதை, நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர் கண்டு சொன்னார். அந்த வரைபடத்தில் ஒரு பெயர்கூட இல்லை. நான் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு உலகமே பேசிய செய்தி அது. அதற்கும் முன்னால், 2017 ஆகஸ்டில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்திருந்தார்கள். அதெல்லாம் ஆதார் பற்றியது, நமக்கென்ன என்று இருந்திருக்கிறேன்.

என்னை மிகவும் வெட்கப்பட வைத்தது நம் ஊரிலேயே நடந்த ஒன்று. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், நான் பயன்படுத்திய அதே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல், அருண் கணேஷ் முதலான வரைபட ஆர்வலர்கள் ஒரு பக்கத்தை உருவாக்கினார்கள். தண்ணீர் நிற்கும் தெருவை மக்கள் தொட்டால் அந்தத் தெரு நிறம் மாறும். அவ்வளவுதான். யார் தொட்டார்கள், எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று அது கேட்கவில்லை. எந்த வழியில் போகக் கூடாது என்று தெரிய வேண்டியவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. எங்கள் டிரைவர்களுக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான், வண்டி நிற்கும் இடம். நான் அதற்காக ஆளையும் வீட்டையும் நேரத்தையும் சேர்த்துக் கொட்டினேன், கொட்ட முடிந்தது என்ற ஒரே காரணத்துக்காக.

ஆலை திறந்ததும் மனிதவளப் பிரிவில் போய் உண்மையைச் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், அது குறைவு என்பது என் எண்ணம். 'சொந்தக் காரணம்' என்ற பதிவை மாற்றும்படி கேட்டேன். கணக்கு முடிந்துவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள். பிறகு ஒவ்வொரு வேனிலும் ஏறி, உங்கள் வீடும் எண்ணும் இத்தனை மாதம் வெளியில் இருந்தது, நான்தான் வைத்தேன் என்று சொன்னேன். சிலர் அதனாலென்ன சார் என்றார்கள். ஒரு பெண் மட்டும், புது எண்ணிலிருந்து ராத்திரியில் வந்துகொண்டிருந்த அழைப்புகள் அதனால்தானா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை.

வரைபட வேலையை விடவில்லை. விட்டிருந்தால் மறுபடி டிரைவர்கள் ராத்திரி பதினொரு மணிக்குப் புளியமரம் தேடிக்கொண்டிருப்பார்கள். இப்போதுள்ள கோப்பில் நிறுத்தங்கள் மட்டும் இருக்கின்றன. மூன்று இலக்கம். ஆளின் பெயர் இல்லை, எண் இல்லை. எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் என்பது டிரைவர் கையில் காகிதமாகப் போய், ஷிப்ட் முடிந்ததும் என்னிடம் திரும்பி வந்துவிடும். நிறுத்தம் எங்கே என்பதை ஏறுகிறவரே சொல்வார், நான் காரணம் கேட்பதில்லை. இறங்கியவர் உள்ளே போகும் வரை விளக்கைப் போட்டு நிற்பதை டிரைவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

இப்போது தொழிற்சாலைகளிலும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் வண்டி ஏற்பாட்டுக்காக லொகேஷன் கேட்கும் குழுக்கள் நிறைய இருக்கின்றன. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. எதற்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்லித்தான் தகவல் வாங்க வேண்டும் என்கிறது அது. அந்தக் குழுவை நடத்துகிறவர் நீங்கள் என்றால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். யாராவது தன் வீட்டுக்குப் பதில் ஒரு கோயிலையோ கடையையோ பேருந்து நிறுத்தத்தையோ அனுப்பினால், தயவுசெய்து அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

அந்த வேன் இன்றும் அம்மன் கோயில் திடலில்தான் நிற்கிறது. அந்தப் பெண்ணிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருக்கலாம். நான் கேட்டதில்லை.